கொடைக்கானல் ஏறும் முன் ஒரு கோட்டை: திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பலருக்குத் திண்டுக்கல் என்பது பஸ் மாறுகிற ஊர். ஒரு பிரியாணி, ஊர்ப் பெருமைக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான். ஊருக்கு நடுவே எழுந்து நிற்கும் மொட்டைப் பாறையையும் அதன் தலையைச் சுற்றி ஓடும் மதிலையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அது என்னங்க கோயிலா?" என்று கேட்டபடியே வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். நான் மலைக்காரன், பண்ணைக்காட்டுப் பக்கம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் எப்போதும் ஒன்றையே சொல்வேன்: கோட்டையைப் பார்க்கிறதாக இருந்தால் மலைக்கு வருகிற அன்று, வருகிற வழியிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் நடக்காது. மலை இறங்கிய களைப்பில் யாருக்கும் இன்னொரு பாறை ஏற மனம் வராது.

கொடைக்கானல் ஊரிலேயே ஏதாவது கோட்டை உண்டா என்றும் கேட்கிறார்கள். கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்ததே 1845 வாக்கில்தான். பாளையக்காரர்கள், மைசூர், கும்பினி (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி) என்று சண்டை நடந்து முடிந்து நாற்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த ஊர் அது. சண்டை நடந்ததெல்லாம் மலையடிவாரத்தில். ஆகவே கோட்டையைக் கீழேதான் தேட வேண்டும்.

கிளம்பும் முன்

கூகுளில் வெறுமனே 'மலைக்கோட்டை' என்று தேடினால் திருச்சிக்கு வழி காட்டும். 'திண்டுக்கல் மலைக்கோட்டை' என்று முழுதாகப் போடுங்கள். சென்னை, திருச்சிப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் வழக்கமாகக் கொடைரோட்டில் இறங்குவார்கள். கோட்டை பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்பே திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். ஆட்டோக்காரர் அடிவாரத்துக் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் இறக்கிவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், கோட்டை வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. மாசித் திருவிழா நேரத்தில் மட்டும் அந்தப் பகுதி முழுக்க ஜனக்கூட்டம். அம்மனைப் பார்க்க அது நல்ல நாள், கோட்டையைப் பார்க்க அல்ல.

பெட்டி படுக்கையோடு ஏறாதீர்கள். காலைப் பலகாரம் சாப்பிடுகிற ஓட்டலிலோ தெரிந்த கடையிலோ கேட்டு வைத்துவிட்டு, தண்ணீரும் தொப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கொடைக்கானல் போகிற உற்சாகத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே வருகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பாறையில் கால் வைத்த ஐந்தாவது நிமிடம் அது இடுப்புக்கு வந்துவிடும். செருப்பைவிட அடி வழுக்காத ஷூ நல்லது.

நேரம்தான் முக்கியம். காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை கொதிக்கும், நிழலுக்கு மரம் கிடையாது. மாலையிலும் போகலாம், ஆனால் பொழுது சாயும் முன்பே கீழே இறக்கிவிடுவார்கள் என்பதால் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். ஆடியில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொன்னவர்கள் இந்த மதில் மேல் நின்றுதான் சொன்னார்களோ என்று தோன்றும். சின்னப் பிள்ளைகளை அப்போது கையை விட்டுவிடாதீர்கள். மார்கழியிலிருந்து மாசி தொடக்கம் வரைதான் என் கணக்கில் சரியான காலம்.

டிக்கெட் அடிவாரத்தில். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. இந்தியர்களுக்கு 25 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். போனில் படம் எடுக்கத் தடையில்லை. ட்ரோன், ட்ரைபாட் என்று போனால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 'ஒரே நிமிஷம் சார்' என்று காவலாளியிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர் வேலையை அவர் பார்க்கிறார்.

இந்த அளவு வரலாறு போதும்

வரலாறு தெரியாமல் ஏறினால் பாறையும் சுவரும்தான் தெரியும். அதற்காகப் புத்தகம் படித்துவிட்டு வரச் சொல்லவில்லை. நாலு வருடக் கணக்கு மனதில் இருந்தால் போதும்.

1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை இது. பிறகு திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்படுத்தினார்கள். அடுத்து மைசூர்க்காரர்கள் கைக்கு வந்தது. 1755-இல் இங்கே பௌஜ்தாராக, அதாவது படையும் வரிவசூலும் கையில் உள்ள அதிகாரியாக வந்தவர் ஹைதர் அலி. மைசூரையே ஆளப்போகிறவர் அப்போது ஓர் அதிகாரி மட்டும்தான். பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பீரங்கி, வெடிமருந்து வேலைகளை அவர் இங்கே வளர்த்தார். ஊரில் பேகம்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள பள்ளிவாசல் அவர் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் நினைவோடு சேர்ந்தது. 1783-இல் கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது, அடுத்த வருடம் மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தது. 1790-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் மறுபடி பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசம் போயிற்று.

ஏன் இந்தப் பாறைக்கு இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கான பதில் புத்தகத்தில் இல்லை, மேலே போனால் கண்ணுக்கே தெரியும். அதனால் அதை மேலே போய்ப் பேசுவோம்.

ஏறும்போது

அவசரப்படாமல் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். பாறையிலேயே வெட்டிய படிகள், அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். முதலில் சுலபமாகத்தான் தோன்றும். பாதிக்கு மேல் மூட்டு பேச ஆரம்பிக்கும். கைப்பிடிக் கம்பி உள்ள பக்கமாகவே ஏறுங்கள்.

நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் குனிந்து படியைப் பாருங்கள். நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று குழிந்திருக்கிற படி பழையது. உளித்தடம் கூர்மையாக, விளிம்பு நேராக இருப்பது பின்னால் செதுக்கியதோ மாற்றியதோ. பழையது எது, பழுதுபார்த்தது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் படியிலேயே தொடங்கிவிடலாம். மேலே இது நிறையத் தேவைப்படும்.

இன்னொன்று. ஏறும்போது உங்களைச் சுற்றுலாப் பயணியாக நினைக்காதீர்கள். கோட்டையைப் பிடிக்க வந்த படையில் கடைசி வரிசைச் சிப்பாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கையில் துப்பாக்கி, முதுகில் மூட்டை, மேலே மதிலில் ஆள். ஒதுங்க ஒரு மரம் இல்லை, ஒளிய ஒரு பள்ளம் இல்லை. இந்தப் பாறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அப்போது காலுக்கே புரியும். மற்ற பக்கங்களில் பாறை செங்குத்தாக இறங்குகிறது. ஏறக்கூடிய பக்கத்தைக் காத்தால் பாதிச் சண்டை முடிந்தது.

உள்ளே போனதும் எதைப் பார்ப்பது

பெரும்பாலோர் நேரே உச்சிக்குப் போய் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் சொல்கிற வரிசை வேறு: வாசல், மதில், வெடிமருந்து அறை, தண்ணீர், கடைசியில் கோயில். காட்சி எங்கேயும் ஓடிப்போகாது.

வாசலில் நின்று முதலில் திரும்பிப் பாருங்கள். வந்த வழி முழுதும் எத்தனை இடத்திலிருந்து தெரிகிறது என்று எண்ணுங்கள். கோட்டைக்காரன் வாசலை வைப்பதே, உள்ளே வருகிறவன் ஒவ்வொரு அடியிலும் யாராவது ஒருவர் பார்வையில் இருக்கும்படிதான்.

மதிலோடு ஒட்டி நடந்தால் ஆங்காங்கே மதில் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கும். அதுதான் கொத்தளம். நேர்ச் சுவரின் மேல் நிற்கிறவனுக்குச் சுவரின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏணி சாய்க்கிறவன் தெரிய மாட்டான். எட்டிப் பார்த்தால் தலை போய்விடும். கொத்தளத்தில் நிற்கிறவனுக்கோ சுவர் நெடுக பக்கவாட்டில் சுட முடியும். ஒரு கொத்தளத்திலிருந்து அடுத்த கொத்தளம் வரை கண்ணை ஓட்டுங்கள், அந்தக் கணக்கு உடனே பிடிபடும். பீரங்கி வந்த பிறகு கொத்தளத்துக்கு இரண்டாவது வேலையும் சேர்ந்தது: பீரங்கியை ஏற்றித் திருப்ப ஒரு மேடை.

மதிலின் தலையில் பல்வரிசை மாதிரி ஏறி இறங்கும் அமைப்புக்கு ஞாயில் என்று பெயர். மேடான பகுதி மறைவுக்கு, தாழ்ந்த இடைவெளி சுடுவதற்கு. மதிலில் துப்பாக்கித் துளை கண்ணில் பட்டால் உட்பக்கமாக நின்று பாருங்கள். இப்படிப்பட்ட துளைகள் உள்ளே அகன்றும் வெளியே ஒடுங்கியும் இருக்கும், கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளிருப்பவனுக்கு வலமும் இடமும் திருப்ப இடம் உண்டு, வெளியிலிருந்து குறி வைக்கிறவனுக்குத் தெரிவதோ விரல் அகல இருட்டு. கண்ணை வைத்துப் பார்த்தால், நீங்கள் இப்போது ஏறிவந்த சரிவு அதில் அடங்கியிருக்கும்.

அடுத்து வெடிமருந்து அறை. இங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தடித்த சுவர், செங்கல் வளைவுக் கூரை. ஜன்னல் என்று பெரிதாக ஒன்றும் இராது. வெடிமருந்துக்கு இரண்டு எதிரி: ஈரம், பொறி. ஈரம் தங்காமலிருக்கக் காற்று வர வேண்டும். அதே காற்றோடு ஒரு தீப்பொறி வந்தால் கோட்டையே போய்விடும். ஆகவே இத்தகைய அறைகளில் காற்று வர வழி விடுவார்கள், நேர்க்கோட்டில் எதுவும் உள்ளே பறந்து வர வழி விடமாட்டார்கள். கும்மென்று வளைத்த செங்கல் கூரையில் மரச்சட்டமே இல்லை என்பதையும் கவனியுங்கள். தீப்பிடிக்க அங்கே எதுவும் இல்லாதபடி கட்டியிருக்கிறார்கள். நண்பகலில்கூட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வெளியே கொதிக்கிற பாறையிலிருந்து ஓரடி உள்ளே வைத்தால் உடம்புக்கே தெரியும்.

சிப்பாய்கள் தங்கிய அறைகள், கைதிகளை அடைத்த அறைகள், கிடங்குகள் என்று இன்னும் சில கட்டடங்கள் உண்டு. வேகமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். சுவரெல்லாம் காதலர்கள் பெயர். இதயம், அம்பு, தேதி. எரிச்சலாக வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அதைப் படிக்கிற பொறுமை ஆணி எடுத்து வருகிறவனுக்கு இல்லை.

தண்ணீரைத் தேடிப் பார்க்காமல் இறங்காதீர்கள். மொட்டைப் பாறையில் கிணறு வெட்ட முடியாது. மழைநீர்தான் ஒரே வழி. பாறை முழுவதுமே நீர் வடிகிற கூரை. அது சரிந்து ஓடிவரும் பள்ளங்களில் சுனைகளாகத் தேக்கியிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு போனால் எந்தச் சரிவின் நீர் எந்தச் சுனைக்குப் போகிறது என்று பாறையில் ஓடிய கறையை வைத்தே சொல்லலாம். முற்றுகை என்றால் மதிலை உடைப்பது மட்டும் அல்ல, உள்ளே இருப்பவனின் தண்ணீரும் வெடிமருந்தும் தீருகிறவரை வெளியே உட்கார்ந்திருப்பதும்தான். இப்போது சுனைத் தண்ணீரில் பாசிதான். குடிக்கவோ கால் நனைக்கவோ இறங்க வேண்டாம், விளிம்பு வழுக்கும்.

புதுப்பித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது

பழுதுபார்த்த கோட்டையைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி உண்டு. சுவரை உற்றுப் பார்த்தால் இரண்டு காலம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

பழைய பூச்சு சுண்ணாம்புச் சாந்து. நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். நிறம் மங்கிய வெள்ளை, பழுப்பு. நாள்பட்ட பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடும், ஆனால் சுவரோடு பிடித்து நிற்கும். சிமென்ட் வைத்து ஒட்டிய இடம் சாம்பல் நிறத்தில் தட்டையாக, விளிம்பு வெட்டிவிட்ட மாதிரி தெரியும். சிமென்ட் உறுதிதானே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். பழைய செங்கல் மூச்சுவிடும் பொருள். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை அடைத்து வைக்கும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கலின் முகத்தையே உதிர்க்கும். கடைசியில் சிமென்ட் கோடு அப்படியே நிற்க, சுற்றியுள்ள செங்கல் பொடிப்பொடியாகக் கொட்டிக்கிடக்கும். இதனால்தான் தொல்லியல் துறையின் மராமத்தில் இப்போதெல்லாம் சுண்ணாம்புக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

மதில் இடுக்கில் அரசோ ஆலோ முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதை, இரண்டு மழையில் செடி, பத்து வருடத்தில் சுவரையே பிளக்கும் வேர். பீரங்கி செய்யாததை அரச மரம் செய்துவிடும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, அந்தப் பொந்தைச் சாந்தால் அடைத்தால்தான் வேலை முடிந்த கணக்கு. அப்படி அடைத்த திட்டுகள் கண்ணில் பட்டால், யாரோ ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்த வேலை அது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன்: பளபளவென்று புதிதாக்கிய கோட்டையைவிட, விழாமல் தாங்கிப் பிடித்த கோட்டைதான் நல்ல மராமத்து. திண்டுக்கல்லில் பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் பார்ப்பீர்கள். கூரை போன இடம் கூரை போனபடியே இருக்கும். 'சரியாகப் பராமரிக்கவில்லை' என்று அதைப் பார்த்து உடனே எழுதிவிடாதீர்கள்.

உச்சி

மேலே ஒரு கற்கோயில். தூண்களில் நல்ல சிற்பங்கள். கருவறை வெறுமை. இங்கிருந்த காளஹஸ்தீஸ்வரரும் அபிராமி அம்மனும் கீழே ஊருக்குள் உள்ள அபிராமி அம்மன் கோயிலில் இருக்கிறார்கள். கும்பிட நினைக்கிறவர்கள் இறங்கிய பிறகு அங்கே போகலாம். வழிபாடு இல்லை என்பதற்காகக் கோயிலில் உட்கார்ந்து சிப்ஸ் பொட்டலம் பிரிக்காதீர்கள். குரங்கும் வரும்.

இப்போது விட்டுவைத்த கேள்விக்கு வருவோம். மேற்குப் பக்க மதிலில் நின்று பாருங்கள். தூரத்தில் நீலச் சுவராக நிற்பது எங்கள் பழனி மலை. மதிலைச் சுற்றித் தென்கிழக்குப் பக்கம் வந்தால் சிறுமலை. இரண்டுக்கும் நடுவே திறந்து கிடக்கும் சமவெளி வழியாகத்தான் கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குப் போகும் பாதை வருகிறது. மைசூரிலிருந்து படை இறங்கினாலும் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்குப் படை போனாலும் இந்தப் பாறையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இங்கே பீரங்கியோடு உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல் எதுவும் நகராது. நாயக்கரும் ஹைதரும் கும்பினியும் ஒரே பாறைக்கு அடித்துக்கொண்டது இதனால்தான். மேகம் மறைக்காத நாளாகப் பார்த்துப் போனால் இது இரண்டு நிமிடத்தில் விளங்கும்.

முட்டி வலிக்காரர்கள், குழந்தைகள், வயதானவர்கள்

இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கம்பு ஒன்றோடு பாதி வரை வந்து திரும்பலாம். இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதைச் சொல்லிவைத்துவிடுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். மதில் இடைவெளியில் ஏறி உட்காருகிற விளையாட்டை மட்டும் முதலிலேயே தடுத்துவிடுங்கள், அந்தப் பக்கம் நேரே பள்ளம்.

இறங்கிய பிறகு எந்த வழி

மணி பதினொன்று ஆகியிருக்கும், பசிக்கும். சீரக சம்பா பிரியாணி வாசனை கூப்பிடும். வத்தலக்குண்டு வழியாக உடனே மலை ஏறப் போகிறவர்கள் அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போவது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் ஜன்னலோர சீட்டில், பஸ்ஸின் முன்பக்கமாக உட்கார வேண்டும்.

நேரம் இருந்தால் நான் இன்னொரு வழியைத்தான் சொல்வேன்: ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, பழனி, அங்கிருந்து சவரிக்காடு வழியாக மலை. சுற்றுதான். ஆனால் கோட்டைக் கதையின் மறுபாதி விருப்பாச்சியில் இருக்கிறது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தது இந்த விருப்பாச்சிப் பாளையம்தான். ஹைதர் அலியின் படை உதவியோடு 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். பின்னாளில் கும்பினிக்கு எதிராகப் பாளையக்காரர்களைத் திரட்டிய விருப்பாச்சி கோபால் நாயக்கரை 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. காலையில் பார்த்த மதில் ஆள்கிறவர்களுடையது, இந்த அடிவாரமும் மேலே உள்ள காடும் எதிர்த்தவர்களுடையது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் படம் முழுமையாகும். சாலையோரக் கடையில் விருப்பாச்சி மலைவாழைப் பழம் தொங்கினால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம். தோல் கறுத்துச் சுருங்கியதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், பச்சை மினுமினுப்புக்கு ருசி இராது.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ மலை ஏறுகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். கோட்டைக்குப் போவதற்கு முந்தைய நாளே போனில் எடுத்துவைத்துவிடுங்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் தேட வேண்டியிருக்காது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கோட்டைக்கு எடுத்துப்போன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் திண்டுக்கல்லிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை, சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். முதலிலேயே எவர்சில்வர் பாட்டில் ஒன்றோடு கிளம்பிவிட்டால் கோட்டைக்கும் ஆயிற்று, மலைக்கும் ஆயிற்று.